நூலில் ஓடிய விண்கலம்

ஒரு கயிற்றின் ஒரு முனையைச் சன்னல் கம்பியிலும், மறுமுனையைத் தாழ்வாக ஒரு நாற்காலிக் காலிலும் இழுத்துக் கட்டுங்கள். முதுகில் பள்ளமுள்ள இரு சிறு சக்கரங்கள் பொருத்திய உலோகப் பொம்மை ஒன்றை அதில் மாட்டிவிடுங்கள். சர்ரென்று கீழே பாயும். சிகாகோ நகரில் 'டூட்சிடாய்' என்ற பெயரில் பொம்மைகள் செய்துவந்த நிறுவனம் 1937-ல் வெளியிட்ட பக் ராஜர்ஸ் விண்கலங்கள் இப்படித்தான் பறந்தன. பெயர் இராக்கெட், ஓட்டியதோ புவியீர்ப்பு விசை! சாய்தளப் பாடத்துக்கு இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

பக் ராஜர்ஸ் யார் என்கிறீர்களா? 1928-ல் ஓர் அமெரிக்க அறிவியல் கதை இதழில் பிறந்து, 1929 முதல் செய்தித்தாள்களில் சித்திரக்கதையாக உலவிய வீரன். அன்று உண்மை இராக்கெட்டின் நிலை என்ன? 1926 மார்ச் 16 அன்று இராபர்ட் காடர்டு ஏவிய முதல் திரவ எரிபொருள் இராக்கெட் சுமார் 12 மீட்டர் எழும்பி, இரண்டரை விநாடியில் தரைக்கு வந்துவிட்டது. முதல் செயற்கைத் துணைக்கோள் 1957-ல்தான் வந்தது. அதற்கு 20 ஆண்டுகள் முன்பே சிறுவர்களின் கையில் விண்கலம் இருந்தது.

இத்தகைய பொம்மைகளை இன்று தேடிச் சேகரிப்போர் பலர். அவர்கள் அஞ்சுவது திருடனுக்கு மட்டுமன்று. கண்ணாடிப் பேழையில் எவரும் தொடாமல் வைத்த பொம்மை, சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் வீங்கி, வளைந்து, வெடிப்பு விட்டு, கையில் எடுத்ததும் உதிர்ந்துவிடுவதுண்டு. ஏன்?

துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியசிலேயே உருகும். ஆகவே அதன் கலவையை உருக்கி, எஃகு அச்சினுள் மிகுந்த அழுத்தத்தில் செலுத்தினால் நுண்ணிய வேலைப்பாடுகள்கூட அப்படியே பதியும். பொம்மைத் தொழிலுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் கலவையில் காரீயம் சிறிதளவு கலந்துவிட்டாலும் போதும். அது துத்தநாகப் படிகங்களின் இடையிலுள்ள எல்லைகளில் போய்ச் சேர்கிறது. வெப்பமும் ஈரமும் கூடும்போது அரிப்பு அந்த எல்லைகள் வழியே உள்ளே புகுகிறது. அரிப்பில் உண்டாகும் சேர்மங்களுக்கு உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும். எனவே பொம்மை உள்ளிருந்தே பிளக்கிறது. இதற்கு மருந்து கிடையாது. லிவர்பூல் நகரின் மெக்கானோ நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்த டிங்கி பொம்மைகள் இந்நோய்க்குப் பேர்போனவை. சேகரிப்போர் சிலர் இதை 'உலோகக் களைப்பு' என்கின்றனர். அது தவறு. களைப்பு என்பது மீண்டும் மீண்டும் விசைக்கு உட்படும் உலோகத்துக்கு வருவது. அலமாரியில் உட்கார்ந்திருக்கும் பொம்மைக்கு என்ன களைப்பு?

மிகத் தூய, 99.99 சதவீதத் துத்தநாகத்தைக் கொண்டு கலவை செய்தால் இத்தொல்லை இல்லை என்பது 1920-களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. போருக்குப் பிந்திய பொம்மைகள் பெரும்பாலும் தப்பின. 1967-ல் டிங்கி வெளியிட்ட 'தண்டர்பேர்டு 2' இன்றும் பலரிடம் உறுதியாக நிற்கிறது. பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் அது பச்சை நிறம். பின்னாளில் ஏனோ பொம்மைக்கு நீலம் பூசிவிட்டார்கள். அந்தத் தொழிற்சாலை 1979-ல் மூடப்பட்டது.

1977 மே மாதம் 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படம் வந்தபோது பொம்மை உரிமை பெற்றிருந்தது சின்சினாட்டி நகரின் கென்னர் நிறுவனம். படம் இவ்வளவு ஓடும் என்று எதிர்பார்க்காததால் கிறிஸ்துமசுக்குள் பொம்மைகள் தயாராகவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? பொம்மை இல்லாத அட்டையுறையை விற்றார்கள்! உள்ளே ஒரு சான்றிதழ்; அதை அனுப்பினால் 1978-ல் நான்கு உருவங்கள் தபாலில் வரும். கென்னர் உருவங்களின் உயரம் மூன்றே முக்கால் அங்குலம். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆறடி மனிதனை ஓரடிப் பொம்மையாக்கினால், நாற்பதடி விண்கலம் ஏழடி நீளமாகும். எந்த வீட்டில் வைப்பது? மூன்றே முக்கால் அங்குலம் என்றால் இரண்டடியே போதும். கென்னர் அதையும் குறுக்கியே செய்தது.

இனிச் சொல்வது வருத்தமான செய்தி. 1978-ல் 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' என்ற தொலைக்காட்சித் தொடருக்காக மேட்டல் நிறுவனம் செய்த விண்கலங்கள், வில்சுருளின் விசையால் சிறு பிளாஸ்டிக் ஏவுகணைகளைச் செலுத்தும். அவ்வாண்டின் இறுதியில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனின் வாய்க்குள் பாய்ந்த ஏவுகணை மூச்சுக்குழலில் சிக்கியது, குழந்தை பிழைக்கவில்லை. 1979 ஜனவரியில் மேட்டல் அவற்றைத் திரும்பப் பெற முன்வந்தது. ஏவுகணைகளை அனுப்பும் சிறுவர்களுக்குப் பதிலாக ஒரு சிறு கார் பொம்மை தருவதாக அறிவித்தது. பின்னர் வந்த கலங்களில் ஏவுகணை அசையாதபடி பொருத்தப்பட்டது. 1980 ஜனவரி முதல் அமெரிக்காவில் ஒரு விதி நடப்புக்கு வந்தது: 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குறிப்பிட்ட உருளைக்குள் முழுதும் அடங்கும் சிறு உறுப்பு எதுவும் மூன்று வயதுக்குட்பட்டோரின் பொம்மையில் இருக்கலாகாது. அந்தச் சிறுவனுக்கு வயது நான்கு என்பதைக் கவனியுங்கள்.

கென்னரும் தன் 'போபா பெட்' உருவத்தின் முதுகு ஏவுகணையை ஒட்டியே விற்றது. பாயும் ஏவுகணையோடு செய்த மாதிரிகளில் சில தப்பிப் பிழைத்தன. அவற்றுள் ஒன்று 2024-ல் ஏலத்தில் 5 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. மேட்டல் கலத்திலும் அப்படியே: ஏவுகணை பாய்கிற கலத்தைத்தான் சேகரிப்போர் முதலில் கேட்கிறார்கள்.