நாணும் கோலும்: தூண்டில் இழைத் தேர்வின் பொருள்சார் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தூண்டிற்கோலும் அதில் கட்டப்படும் இழையும் காலந்தோறும் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பெரும்பாணாற்றுப்படை காட்டும் மூங்கில் தூண்டில், 19ஆம் நூற்றாண்டுச் சென்னை மாகாணத்தின் பட்டிழைத் தூண்டில், இன்றைய ஜெர்க்பெய்ட் தூண்டில் ஆகிய மூன்றும் ஒப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தூண்டில், நாண், பட்டு, தங்கூஸ், வாளை, பெரும்பாணாற்றுப்படை.

முன்னுரை

தமிழக மீன்பிடி வரலாற்றை எழுதியோர் வலைக்கும் படகுக்கும் அளித்த இடத்தைத் தூண்டிலுக்குப் பெரும்பாலும் அளிக்கவில்லை. தூண்டில் எளியோரின் கருவி. வரியும் வணிகமும் அதைச் சுற்றி வளரவில்லை. ஆயினும் ஒரு கருவியின் உறுப்புகள் ஏன் அவ்வடிவில் அமைந்தன என்று கேட்கத் தொடங்கினால், தூண்டில் சொல்லும் செய்திகள் பல.

ஜெர்க்பெய்ட் என்பது கோலால் சுண்டிச் சுண்டி இழுத்து இயக்கப்படும் போலி இரை. இதற்கு எக்கோல், எவ்விழை ஏற்றது என்னும் வினா இன்று தூண்டிற்காரரிடையே மிகுதியாகப் பேசப்படுகிறது. இவ்வினாவைப் பின்னோக்கிச் செலுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் முயற்சி.

பாண்மகனின் தூண்டில்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் தூண்டிலின் உறுப்புகள் அனைத்தும் ஓரிடத்தில் இடம்பெறுகின்றன. பச்சை ஊன் நிறைந்த தோற்பையைத் தோளில் கொண்ட பாண்மகன்; நீண்ட மூங்கிற்கழி; அதில் கட்டிய நாண்; வளைந்த இரும்பு முள். இரையைக் கவ்விக்கொண்டு தப்பிய வாளை, நீரோரப் பிரம்பின் அசையும் நிழலைக் கண்டு அதையும் தூண்டிற்கோலென அஞ்சுகிறது.

இதில் இழைச்சுருள் உருளை இல்லை என்பது முதலில் நோக்கத்தக்கது. நாண் கோலின் நுனியில் கட்டப்பட்டதால், இரையைத் தொலைவில் இடக் கோல்தான் நீள வேண்டும். மூங்கில் நீண்டிருந்ததற்கு இது போதிய காரணம். அடுத்து, இரை உண்மையான ஊன். அதன் மணமே மீனை அழைக்கும். மீனவன் அதை ஆட்ட வேண்டியதில்லை. அவனுக்குத் தேவை, மீன் தொட்ட கணத்தை அறிவதே. நுனி மெலிந்து வளையும் மூங்கில் அச்சிறு அசைவையும் நடுக்கமாகப் பெருக்கிக் காட்டும். நடுக்கத்தைக் குறிக்கும் சொல் இப்பகுதியில் கோலுக்கும் நிழலுக்கும் பொதுவாய் நிற்பது தற்செயல் எனத் தோன்றவில்லை.

இத்தகைய பகுதிகளைக் கண்டவுடன் ‘இன்றைய தொழில்நுட்பம் அன்றே இருந்தது’ என முடிவு கட்டும் வழக்கம் நம் ஆய்வுலகில் உண்டு. இங்கு அதற்கு இடமில்லை. பாண்மகனின் தூண்டிலில் செய்தி மீனிடமிருந்து கைக்கு வருகிறது. ஜெர்க்பெய்ட்டில் கையின் செய்தி இரைக்குச் செல்ல வேண்டும். இரண்டும் வெவ்வேறு அறிவுகள். ஒன்றை மற்றொன்றின் முன்னோடி என்பது இரண்டையுமே குறைத்துக் காண்பதாகும்.

பட்டும் புழுநரம்பும்

சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், ‘தி ராட் இன் இந்தியா’ என்னும் நூலை 1873இல் மங்களூரில் வெளியிட்டார். மகசீர் என்னும் ஆற்றுப் பெருங்கெண்டையே அதன் நாயகன். ஏரி, குளங்களில் தூண்டிலிடுதல் குறித்துத் தனியொரு நூலையும் அவர் 1887இல் எழுதினார்.

அக்காலத் தூண்டிற்காரர் பெரிதும் நம்பியது பட்டிழை. எண்ணெய் ஏற்றிய பின்னற்பட்டு உருளையில் சுற்றப்படும்; முள்ளை ஒட்டிய பகுதிக்குப் பட்டுப்புழுவின் நரம்பு. கூடு கட்டவிருக்கும் புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை எடுத்து ஒரே இழையாக நீட்டி உலர்த்துவர். ஸ்பெயினின் மூர்சியா இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். இந்தியாவுக்குள்ளேயே வங்காளத் தூண்டிற்காரர் அசாமின் முகா பட்டு நூலை விரும்பினர்.

இவ்விடத்தில் பெரணமல்லூர்த் தறிகளை நினையாதிருக்க இயலவில்லை. ஆரணிப் பட்டு நெய்யும் இவ்வூரில் பாவு இழை ஒவ்வொரு மிதிக்கும் விழுதால் மேலும் கீழும் இழுபடுகிறது. சற்றே நீண்டு மீளும் இயல்பு பட்டுக்கு இருப்பதால் இழை அறுவதில்லை. மகசீரின் முதல் பாய்ச்சலைத் தாங்கியதும் இதே இயல்புதான். அன்றைய உலோகக் கரண்டி இரை, நீரில் இழுபடும்போது தன் வளைவாலேயே சுழலும். எனவே இழை நீண்டாலும் இரையின் ஆட்டம் கெடவில்லை. பட்டின் குறை வேறு: ஈரத்தோடு விட்டால் மட்கும். ஒவ்வொரு நாளும் உருளையிலிருந்து பிரித்து உலர்த்தியாக வேண்டும்.

டூபாண்ட் நிறுவனம் 1938இல் நைலானை அறிவித்தபின் புழுநரம்பின் காலம் முடிந்தது. நம் கடற்கரையிலும் ஈழத்திலும் தங்கூஸ் என வழங்கும் ஒற்றை இழை அவ்விடத்தைப் பிடித்தது. மட்காமை நைலானின் வரம். நீளுதல் அதற்கும் உண்டு. அறுபடுமுன் தன் நீளத்தில் 20 முதல் 30 விழுக்காடு வரை அது நீளக்கூடும்.

சுண்டலின் கணக்கு

ஜெர்க்பெய்ட்டின் தொடக்க கால வடிவங்களுள் ஒன்றை 1930களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஃபிராங்க் சூயிக் மரத்தில் செதுக்கினார். மஸ்கெலஞ்ச் என்னும் பெரிய கொன்றுண்ணி மீனுக்காக அது செய்யப்பட்டது. இவ்வகை இரை சீராக இழுத்தால் பெரிதும் உயிரற்ற கட்டையாகவே வரும். சுண்டினால் பாய்ந்து, விட்டால் தயங்கி, அடிபட்ட மீன்போல் நடிக்கும். அந்நடிப்பு முழுவதும் மணிக்கட்டிலிருந்து வருவது.

இங்குதான் இழையின் நீட்சி சிக்கலாகிறது. நீரில் 20 மீட்டர் இழை கிடக்கிறது எனக் கொள்வோம். அது 5 விழுக்காடு நீண்டால் 1 மீட்டர். கையின் சுண்டலோ அரை மீட்டர் அளவே. சுண்டலை இழையே விழுங்கிவிட, இரை அசையாது. 1990களில் பரவிய பாலிஎத்திலீன் பின்னல் இழை மிகச் சிறிதே நீளும்; எனவே பெரிய ஜெர்க்பெய்ட்டுக்கு அதுவே ஏற்றதாயிற்று. பல் கூரிய மீன்களுக்காக முனையில் கம்பித்துண்டு சேர்ப்பர்.

கோலும் இதே காரணத்தால் மாறியது. வளையும் கோல் சுண்டலைத் தானே உள்வாங்கிக்கொள்ளும். ஆகவே விறைப்பானது தேவை. கீழ்நோக்கிச் சுண்டும்போது நுனி நீரில் அடிபடாதிருக்க 6 முதல் 7 அடிக்குள் அமைவது வழக்கம். தொலைவை உருளை பார்த்துக்கொள்வதால் நீளத்துக்குத் தேவையில்லை. பாண்மகனின் நெடுங்கழிக்கு நேர்மாறான கருவி இது.

இத்தேர்வுக்கு ஒரு விலையும் உண்டு. விறைத்த கோலும் நீளாத இழையும் சேரும்போது, மீனின் திமிறலைத் தாங்கும் மெத்தை எங்கும் இல்லை. முள் வாயைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். அல்லது இழை அறுந்து, மீன் முள்ளோடு போகும். உருளையின் தடையைத் தளர்த்தி வைத்தல் இதனாலேயே வலியுறுத்தப்படுகிறது. பட்டு தானாகச் செய்த வேலையை இப்போது ஒரு திருகாணி செய்கிறது.

இன்று தமிழக நீர்நிலைகளில் போலி இரை வீசுவோர் நாடும் மீன்களுள் விராலும் கொடுவாவும் வாளையும் அடங்கும். வாளை, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாகப் பதிவாகியுள்ளது. பிடித்து விடுவோரும் அதனிடம் பயன்படுத்துவது இதே விறைத்த கோலையும் நீளாத இழையையும்தான். பெரும்பாணாற்றுப்படையின் வாளை இரையை மட்டும் கொண்டு தப்பியது. அதன் வாயில் முள் தங்கவில்லை.