பனியில் போன இரண்டு வண்டிகள்

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அந்தப் பனி நம்மை என்ன செய்துவிடும்? மிஞ்சினால் ஒரு கம்பளியும் ஒரு வாய் சுக்குக் காப்பியும் கேட்கும். காலையில் மோட்டாரைக் கிளப்புகிறவருக்கு முன் கண்ணாடியைத் துணியால் ஒரு தரம் துடைக்கும் வேலை வைக்கும். அவ்வளவுதான். புல் நுனியில் நிற்பதும் பனி. வானத்திலிருந்து பஞ்சு போல் உதிர்ந்து ஆள் உயரத்துக்குக் குவிவதும் பனி. ஏரி ஜலம் கல்லாக இறுகிக் கிடப்பதும் பனி. மூன்றுக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு நாம் நிம்மதியாக இருக்கிறோம்.

குளிர் தேசத்து மோட்டார்காரனுக்கு இந்த நிம்மதி கிடையாது. குவிந்து கிடக்கும் வெண்பனி அவனுடைய சக்கரத்தை விழுங்கும். இறுகிய பனிக்கட்டி அதே சக்கரத்தை வழுக்கிவிடும். இந்த இரண்டு விரோதிகளையும் அவன் சந்திப்பதற்கு முன்பே, குளிர் என்ற மூன்றாவது விரோதி எஞ்சினுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கும்.

இந்த மூவரையும் எதிர்க்க மனிதன் தன் வண்டியை எப்படித் தயார் செய்தான் என்ற சரித்திரத்தைச் சில காலமாகப் படித்து வருகிறேன். கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். இந்தச் சரித்திரத்தில் இரண்டு வண்டிகள் வருகின்றன. ஒன்று, பனிக்கென்றே சகல உபசாரங்களுடனும் தயாரானது. மற்றொன்று, மூட்டை சுமக்கும் சாதாரண லாரி. எது ஜயித்தது, ஏன் ஜயித்தது என்பதில் எந்த நாவலிலும் இல்லாத ஒரு கதை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

முதலில் குளிரைக் கவனிப்போம். ஜலம் உறையும்போது சுருங்குவதில்லை. ஏறக்குறைய 9 சதவிகிதம் பருக்கிறது. ராத்திரி ரேடியேட்டரில் ஜலத்தை விட்டுவைத்துத் தூங்கினால், விடிவதற்குள் அது ரேடியேட்டரையும் எஞ்சினின் இரும்பையும் பிளந்து வைத்துவிடும். நம் ஊரில் ரேடியேட்டர் கொதிக்கிறதே என்று கவலை. அங்கே உறைகிறதே என்று கவலை! மார்கழியில் தேங்காயெண்ணெய் புட்டிக்குள் கட்டியாகிவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். கடுங்குளிரில் எஞ்சின் எண்ணெயும் அப்படித்தான் பாகு போல் இறுகுகிறது. அந்தப் பாகில் எஞ்சினைச் சுழற்ற அதிக பலம் வேண்டும். பலம் கொடுக்க வேண்டிய பாட்டரியோ அதே குளிரில் சோர்ந்து கிடக்கும்.

1907-ல் தென் துருவத்தை நாடிப் புறப்பட்ட எர்னஸ்ட் ஷாக்கிள்டன் இதையெல்லாம் நன்றாக யோசித்தவர். 'நிம்ராட்' என்ற அவருடைய கப்பலில் குதிரைகளோடும் நாய்களோடும் ஒரு மோட்டார் காரும் போயிற்று. ஸ்காட்லாந்தில் செய்த 'அரோல்-ஜான்ஸ்டன்' கார் அது. வில்லியம் பியர்ட்மோர் என்ற பெரிய தொழிலதிபர் கொடுத்தது. அன்டார்க்டிகாவை அடைந்த முதல் மோட்டார் வண்டி அதுதான். உறைவதற்கு ஜலமே இருக்கக் கூடாது என்று, காற்றினால் குளிரும் எஞ்சினை அதில் பொருத்தியிருந்தார்கள். குளிரில் இறுகாத எண்ணெயைப் பிரத்தியேகமாகத் தயாரித்துக் கொடுத்தார்கள். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையை வீணாக்காமல் கார்ப்பரேட்டரைச் சுற்றிவர விட்டார்கள். ஓட்டுகிறவர் பாதத்துக்குக்கூட அந்தச் சூட்டில் பங்கு உண்டு! பல வகைச் சக்கரங்களும் கூடவே போயின. பெர்னார்ட் டே என்ற கைதேர்ந்த மெக்கானிக் அதைக் கவனித்துக் கொண்டார். அந்தக் காலத்தில் மகாராஜாக்களின் கார்களுக்கே இவ்வளவு சிசுருஷை நடந்திருக்காது.

1908-ல் வண்டி அங்கே இறங்கியது. எஞ்சின் கிளம்பியது. குளிர் என்ற விரோதி தோற்றுப்போனான். உறைந்த கடலின் கெட்டியான பனிக்கட்டி மேல் வண்டி ஓடவும் செய்தது; சாமான் ஏற்றிய சறுக்கு வண்டிகளை இழுத்து உதவவும் செய்தது. ஆனால் மிருதுவான வெண்பனி வந்த இடத்தில் சக்கரம் நின்ற நிலையிலேயே சுழன்று, தனக்குத் தானே குழி தோண்டிக் கொண்டது. எஞ்சினின் பலம் கூடக் கூடக் குழியும் ஆழமாயிற்று. கடைசியில் ஷாக்கிள்டன் காரை விட்டுவிட்டு, நான்கு குதிரைகளோடு தெற்கே நடந்தார். குதிரைகளும் ஒவ்வொன்றாகப் போன பிறகு மனிதர்களே வண்டி இழுத்தார்கள். 1909 ஜனவரி 9-ம் தேதி, துருவத்துக்குச் சுமார் 112 மைல் இருக்கும்போது, உயிரோடு திரும்புவதே மேல் என்று தீர்மானித்துத் திரும்பினார்கள்.

அடுத்துப் போன காப்டன் ஸ்காட் வெண்பனிக்கும் பரிகாரம் தேடினார். சக்கரத்தையே எடுத்துவிட்டுப் பிற்காலத்து டாங்கிகளுக்கு இருப்பது போன்ற பட்டைகளைப் பூட்டிய மூன்று மோட்டார் சறுக்கு வண்டிகளைக் கொண்டுபோனார். 1911 ஜனவரியில் கப்பலிலிருந்து இறக்கும்போதே ஒன்று பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டது. மற்ற இரண்டும் அக்டோபர் 24-ம் தேதி புறப்பட்டுப் பத்து நாட்களுக்குள் நின்றுபோயின. காரணத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எஞ்சினுக்கு உஷ்ணம் தாங்கவில்லை! பாரத்தை இழுத்து இழுத்துச் சூடேறி, உள் பாகங்கள் உடைந்துவிட்டன. உலகத்திலேயே குளிர் மிகுந்த கண்டத்தில் யந்திரம் சூட்டினால் செத்தது. கூட வந்தவர்கள் சாமானைத் தங்கள் தோளில் பூட்டிக்கொண்டு நடந்தார்கள்.

இதற்கிடையில் ஊர்ப்புறங்களில் ஓசையில்லாமல் வேறு காரியங்கள் நடந்து வந்தன. நியூயார்க் மாகாணத்தில் ஹாரி வீட் என்பவர், பனியிலும் சேற்றிலும் மாட்டிக்கொண்ட மோட்டார்காரர்கள் டயரைச் சுற்றிக் கயிறு கட்டுவதைப் பார்த்தார். கயிறு அறுந்துபோகும், சங்கிலி அறாதே என்று எண்ணி, 1904-ல் டயர் சங்கிலிக்கு உரிமை பதிவு செய்தார். ரேடியேட்டர் ஜலத்தோடு சாராயத்தைக் கலந்து பார்த்தவர்கள், அது சூட்டில் ஆவியாகப் போவதைக் கண்டு அலுத்தபின், 1927 முதல் கிளைக்கால் திரவம் கடைகளில் கிடைத்தது. ருசி தித்திப்பு, ஆனால் குடித்தால் விஷம். பின்லாந்தில் நோக்கியா ஊர் ரப்பர் தொழிற்சாலையில், பனியைக் கவ்விப் பிடிக்கும்படி ஆழமாக வெட்டிய டயரை 1934-ல் லாரிகளுக்கென்று வார்த்தார்கள். கார்களுக்கான டயர் 1936-ல் வந்தது. இன்றும் குளிர் தேசத்து வண்டிகளைக் காப்பாற்றுபவை இந்தச் சாமானிய வித்தைகள்தாம்.

இனி நம்முடைய இரண்டாவது வண்டி. ரஷ்யாவில் கார்க்கி நகரத்துத் தொழிற்சாலையில், அமெரிக்க போர்டு லாரியைப் பார்த்து உரிமை வாங்கிச் செய்தது. ஒன்றரை டன் சுமக்கும்; ஆகையால் 'ஒன்றரை' என்ற பொருளில் ஜனங்கள் அதற்குச் செல்லப் பெயர் வைத்திருந்தார்கள். நாற்பது குதிரைச் சக்தி. ஊரெல்லாம் ஓடும் உப்புக்கும் புளிக்குமான வண்டி.

1941 செப்டம்பர் 8-ம் தேதி ஜெர்மன் படைகள் லெனின்கிராட் நகரத்தின் கடைசித் தரைவழியை அடைத்தன. உள்ளே சுமார் 25 லட்சம் ஜனங்கள். நவம்பர் 20 முதல் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 250 கிராம் ரொட்டி. மற்றவர்களுக்கும் குழந்தைகளுக்கும் 125 கிராம். அந்த ரொட்டியிலும் மரக்கூழும் பிண்ணாக்கும் கலந்திருந்தன. வெளி உலகத்துக்கு மிச்சமிருந்த வழி ஒன்றுதான்: லடோகா. ஐரோப்பாவிலேயே பெரிய ஏரி அது. குளிர்காலத்தில் உறையும்; உறைந்தால் நடக்கலாம்.

எவ்வளவு உறைந்தால் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டார்கள். வெறும் குதிரைக்குப் 10 சென்டிமீட்டர் கனம் வேண்டும். ஒரு டன் பாரத்தோடு குதிரை போக 15. ஒரு டன் ஏற்றிய லாரிக்கு 20. ஒரு நாட்டின் கண் முழுவதும் அந்த அளவுகோலின் மேலேயே இருந்தது. நவம்பர் 20-ம் தேதி குதிரை வண்டிகள் போயின. 22-ம் தேதி 60 லாரிகள் எதிர்க்கரைக்குப் புறப்பட்டன. மறுநாள் 33 டன் மாவோடு திரும்பின. ஒன்றரை டன் வண்டிகளில் வண்டிக்கு அரை டன்தான் வந்தது. நகரத்துக்கு அப்போது நாளொன்றுக்குச் சுமார் 500 டன் மாவு தேவை. அப்படியானால் அந்த 33 டன் ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் போதும். ஆனாலும் வழி திறந்துவிட்டது.

அந்த லாரியை எப்படித் தயார் செய்தார்கள்? எஞ்சின் மூடிக்கு மெத்தைத் துணி போர்த்தினார்கள். நிறுத்தினால் ஜலத்தை வடித்தார்கள். கிளப்பும்போது வெந்நீர் ஊற்றினார்கள். கதவைக் கழற்றினார்கள், அல்லது திறந்தபடியே ஓட்டினார்கள். பனிக்கட்டி உடைந்தால் டிரைவர் வெளியே குதிக்க அதுதான் வழி. கதவில்லாத வண்டியில், உறைய வைக்கும் காற்றில் சுமார் 30 கிலோமீட்டர்! பாரம் ஒரே இடத்தில் அழுத்தாமலிருக்க, மூட்டையில் ஒரு பகுதியைப் பின்னால் கட்டிய சறுக்கு வண்டிக்கு மாற்றினார்கள். வண்டிக்குச் செய்த உபசாரம் இவ்வளவுதான்.

மீதி உபசாரமெல்லாம் பாதைக்கு நடந்தது. வெள்ளை அங்கி போட்ட பெண்கள் கொடியும் லாந்தரும் பிடித்து இரவும் பகலும் பனிக்கட்டி மேல் நின்று வழி காட்டினார்கள். வெடிப்புகளுக்கு மரப் பாலம் போட்டார்கள். பாதை களைத்துப் பலவீனமானால் பக்கத்தில் புதுப் பாதை குறித்தார்கள்.

அப்படியும் ஒரு விபரீதம் நடந்து வந்தது. பாரம் ஏற்றி வந்த லாரிகள் பத்திரமாகக் கரை சேர்ந்தன. பசியால் மெலிந்த ஜனங்களை ஏற்றிக்கொண்டு இலேசாகத் திரும்பியவை உடைத்துக்கொண்டு மூழ்கின. லெனின்கிராட் பௌதிக ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பாவெல் கோபெகோவும் நௌம் ரெய்னோவும், பனிக்கட்டியின் அசைவைப் பதிவு செய்யும் கருவிகளைத் தாங்களே செய்து ஏரியில் பொருத்தினார்கள். மர்மம் வெளிப்பட்டது. லாரி போகும்போது பனிக்கட்டி சற்று வளைகிறது. அடியிலுள்ள ஜலத்தில் ஓர் அலை எழுந்து கூடவே ஓடுகிறது. மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டரில் வண்டியும் அலையும் ஒரே வேகத்தில் சேர்ந்துகொள்கின்றன. ஊஞ்சலைச் சரியான தருணம் பார்த்துத் தள்ளினால் எப்படி உயரமாகப் போகிறதோ, அப்படி அலை வளர்ந்து பனிக்கட்டியைப் பிளக்கிறது. பாரத்தோடு மெதுவாக வந்தவன் பிழைத்ததும், பாரமில்லாமல் விரைந்தவன் மூழ்கியதும் இதனால்தான். அதற்குப் பிறகு வேகத்துக்கும் வண்டிகளுக்கு இடையேயுள்ள தூரத்துக்கும் சட்டம் ஏற்பட்டது.

1941 டிசம்பர் 25-ம் தேதி ரொட்டி அளவு கூடிற்று: தொழிலாளிக்கு 100 கிராம், மற்றவர்களுக்கு 75 கிராம். 1942 ஏப்ரல் 24-ல் பனி உருகிப் பாதை மூடும் வரையில் 3 லட்சத்து 61 ஆயிரம் டன் சாமான் வந்தது. 5 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வெளியேறினார்கள். நூற்றுக்கணக்கான லாரிகள் ஏரிக்கு அடியில் போயின. முற்றுகை 1944 ஜனவரி 27-ல் முடிவதற்குள் நகரத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். பாதை எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை. அது இல்லாவிட்டால் காப்பாற்ற ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். முதல் வண்டியைச் செய்தவர்கள் வண்டியைப் பற்றியே நினைத்தார்கள். அது கெட்டிக்கார வண்டிதான். இரண்டாவது வண்டியை அனுப்பியவர்களுக்கு வண்டியைப் பற்றி நினைக்க அவகாசமில்லை. பனிக்கட்டி எவ்வளவு தாங்கும், எந்த வேகத்தில் கோபித்துக்கொள்ளும் என்று அதனிடமே கேட்டறிந்து, அதற்கு அடங்கி நடந்தார்கள். அளவோடு ஏற்றினார்கள், மெதுவாகப் போனார்கள், உடைந்தால் குதிக்க வழி வைத்துக்கொண்டார்கள். இன்றைக்குப் பனிப் பிரதேசத்தில் கார் ஓட்டப் போகிறவருக்குச் சொல்லும் புத்திமதிகளும் ஏறக்குறைய இவைதாம்.

லடோகாக் கரையில் கொக்கொரேவோ கிராமத்துக்குப் பக்கத்தில் 1966-ல் ஒரு ஞாபகச் சின்னம் எழுப்பினார்கள். முறிந்த வளையத்தைப் போல, ஒன்றையொன்று தொடாத இரண்டு பெரிய வளைவுகள். அவற்றின் அடியில் சிமெண்டுத் தரையில் லாரிச் சக்கரத்தின் தடம் பதிந்திருக்கிறது. அந்தத் தடம் நேராக ஏரியை நோக்கிப் போகிறது.