குதிரையில் இருந்து இறங்கின குதி

போன ஆவணியில் ஒரு கலியாண வீடு. தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்கின நேரம் கதிரைகளுக்குக் கீழே எட்டிப் பார்த்தால் வரிசையாக ஹை ஹீல்ஸ். காலையில் டக் டக்கென்று வந்து இறங்கின பிள்ளையள் எல்லாரும் வெறுங்காலோட ஓடித் திரியினம். எங்கட சிநேகிதி ஒருத்தி மட்டும் கழற்றவே இல்லை. அவள் நாலு வருசமாகக் கொழும்பில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். உயர்ந்த குதி வைத்த சப்பாத்து அவளுடைய சீருடையில் ஒரு பகுதி.

"கழட்டன். கால் நோகேல்லையே?" என்று கேட்டோம்.

"கழட்டினாத்தான் நோகும். வீட்டில பாட்டா போட்டாலே கெண்டைக்கால் இழுக்குது."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கொழும்புக்குப் போனவுடனே பாட்டா நோகுதாம் எண்டு அண்டைக்கு முழுக்க அவளைப் பகிடி பண்ணினோம். அவள் சிரிக்கவில்லை. பிறகு இதைப் பற்றித் தேடி வாசித்தபோதுதான் விளங்கியது, அவள் சொன்னது ஸ்டைலுக்கு இல்லை. ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்து எழுதி வைத்த விசயம் அது. இந்தக் கட்டுரையில் பாதி வரலாறு, மீதி அவளிடம் கேட்கிற மன்னிப்பு.

குதிரைக்காரனின் சப்பாத்து

காலின் குதியையும் சப்பாத்தின் குதியையும் நாங்கள் ஒரே சொல்லால்தான் சொல்கிறோம். ஆனால் சப்பாத்துக்குக் குதி வைத்தது நடக்கிறதுக்காக இல்லை, குதிரை ஓட்டுகிறதுக்காக. பாரசீகக் குதிரைப் படையினர் ஓடுகிற குதிரையில் எழுந்து நின்று அம்பு எய்தார்கள். அங்கவடியில் வைத்த கால் வழுக்கினால் ஆள் கீழே. சப்பாத்தின் குதி அங்கவடியில் கொளுவிப் பிடித்துக்கொண்டால் கால் அசையாது. ரொறன்ரோவில் பாட்டா சப்பாத்து அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கு. ஓம், நாங்கள் றப்பர் செருப்புக்கே பெயராக வைத்திருக்கிற அதே பாட்டாதான். அங்கே பணியாற்றிய வரலாற்றாசிரியர் எலிசபெத் செமெல்ஹக் இந்தக் கதையை விரிவாக எழுதியிருக்கிறார்.

1599இல் பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் ஐரோப்பிய அரசவைகளுக்குத் தூதுக்குழு ஒன்றை அனுப்பினார். ஒட்டோமன் பேரரசுக்கு எதிராகக் கூட்டாளிகளைத் தேடின காலம் அது. பாரசீகப் பாணி மீது ஐரோப்பியப் பிரபுக்களுக்கு மோகம் பிடித்தது. ஆண்கள் குதி வைத்த சப்பாத்தைப் போடத் தொடங்கினார்கள். குதிரைவீரனின் தோரணை வேணும் எண்டுதான் போட்டார்கள். கொஞ்ச நாளில் பெண்களும் அதை எடுத்தார்கள். பெண்கள் போட்டது ஆண்களின் உடுப்பைக் கடன் வாங்கின மாதிரி. இண்டைக்கு நாங்கள் நினைக்கிறதுக்கு நேர் எதிர்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1619இல், போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள். சப்பாத்து என்று நாங்கள் சொல்லுகிற சொல்லே அவர்களுடைய பாசையில் இருந்து வந்ததுதான்.

பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி குதியைச் சிவப்பாக்கினார். அரசவைக்கு வந்துபோக உரிமை உள்ள பிரபுக்கள்தான் சிவப்புக் குதி போடலாம். 1701இல் இயசிந்த் ரிகோ வரைந்த அவருடைய ஓவியத்தைத் தேடிப் பாருங்கோ. அறுபது வயதைத் தாண்டின மன்னர் காலை முன்னுக்கு வைத்துச் சிவப்புக் குதியைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். சேற்றுத் தெருவில் அதைப் போட்டு நடக்க ஏலாது. அதுதான் விசயமே. எனக்கு நடந்து திரிகிற தேவை இல்லை, வேலை செய்கிற தேவை இல்லை என்று சொல்கிற சப்பாத்து அது.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஆண்கள் குதியைக் கைவிட்டார்கள். அறிவொளிக் காலம். படிப்பும் பகுத்தறிவும் ஆண்களுக்கு, அலங்காரமும் ஆட்டமும் பெண்களுக்கு என்று பங்கு பிரித்த காலம். குதி பெண்களின் பங்குக்குப் போனது. போன பிறகுதான் அது புத்தியில்லாத பொருளாகவும் மாறியது. அதே குதி மன்னரின் காலில் இருந்தபோது அதிகாரம், பெண்ணின் காலில் வந்ததும் பைத்தியக்காரத்தனம்.

அது உடம்பைப் பாதிக்கும் என்ற பேச்சும் புதுசு இல்லை. நெதர்லாந்தின் உடற்கூற்றியலாளர் பேத்ருஸ் கம்பர் 1781இலேயே நல்ல சப்பாத்து எப்படி இருக்கவேண்டும் என்று தனியாக ஒரு நூல் எழுதி, உயர்ந்த குதியைக் கண்டித்தார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் குதி இறங்கித் தட்டையானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் திரும்ப ஏறியது. 1950களில் மெல்லிய குதிக்குள் உருக்குத் தண்டு வைக்கிற நுட்பம் வந்தது. ரோஜர் விவியே, சல்வத்தோரே ஃபெரகாமோ போன்றவர்களின் பெயர்கள் இதோடு சேர்ந்தே வரும். இப்படித்தான் ஸ்ரிலெற்றோ பிறந்தது. ஒரு ஆளின் பாரம் முழுக்க நகம் அளவான இடத்தில் இறங்கினதால் நிலங்களில் குழி விழுந்தது. அதனால் சில கட்டிடங்களில் அந்தச் சப்பாத்துக்கே தடை போட்டார்கள். நிலம் பழுதாகுது எண்டதை உடனே கண்டுபிடித்தார்கள். காலைப் பற்றி யோசிக்கக் கொஞ்சம் நாள் எடுத்தது.

எலும்பில் எழுதின கணக்கு

சப்பாத்து உடம்பில் அடையாளம் வைக்கும் என்பதற்கு நல்ல சாட்சி எலும்புக்கூடுகள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பகுதியில் தோண்டி எடுத்த 177 மத்தியகால எலும்புக்கூடுகளின் பாதங்களை ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். கால் பெருவிரல் மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்து, அதன் அடி மூட்டு வெளியே முண்டாகத் தள்ளுகிற குறையைத்தான் தேடினார்கள். 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை புதைக்கப்பட்டவர்களில் 6 வீதம் பேருக்கு அது இருந்தது. 14, 15ஆம் நூற்றாண்டுகளில் 27 வீதம். இடையில் நடந்தது ஒரு ஃபஷன் மாற்றம்: கூரான நீண்ட முனை வைத்த சப்பாத்து. அந்தக் குறை கிராமத்து மயானத்தில் 3 வீதம். பணக்காரர்களும் துறவிகளும் புதைக்கப்பட்ட மடத்தில் 43 வீதம். அவர்களில் நிறையப் பேர் ஆண்கள்.

அது குதி இல்லை, கூர்முனைதான். ஆனால் எங்கட ஹை ஹீல்ஸில் இரண்டும் சேர்ந்தே வருகிறது. குதி உயர உயரப் பாதம் முன்னுக்குச் சறுக்கும். பாரத்தில் கூடின பங்கு விரல்களுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் இறங்கும். முனை ஒடுக்கமாக இருந்தால் விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று நெரிபடும். வருசக்கணக்காக நெரிபட்டால் விரல் அந்தப் பக்கமே சாயும்.

கட்டையாகிற தசை

இனி எங்கட சிநேகிதியின் கெண்டைக்கால். நீங்கள் இப்ப எழும்பி நுனிக்காலில் நின்று, கெண்டைக்காலைத் தொட்டுப் பாருங்கோ. திரண்டு கட்டையாகி இருக்கும். குதி வைத்த சப்பாத்துப் போட்டால் கால் நாள் முழுக்க ஏறத்தாழ அந்த நிலையிலதான். கெண்டைத் தசையின் இரண்டு முனைகளும் கிட்ட வந்துவிடும். தசை தொளதொளவென்று கிடக்காது. தொளதொளத்த சட்டையைத் தையல்காரி பிடித்துத் தைக்கிற மாதிரி, இருக்கிற இடத்துக்கு ஏற்றபடி தன்னைக் கட்டையாக்கிக்கொள்ளும்.

2010இல் வியன்னா, மன்செஸ்ரர் ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்தார்கள். குறைந்தது ஐந்து சென்ரிமீற்றர் குதியை இரண்டு வருசத்துக்கு மேல் வழக்கமாகப் போட்டு, தட்டைச் சப்பாத்தில் நடந்தால் நோகிறது என்று சொன்ன 11 பெண்கள் ஒரு பக்கம். குதி போடாத பெண்கள் மறுபக்கம். எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் தசையின் பருமனில் வித்தியாசம் இல்லை. அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது தசை நார்கள் சராசரியாக 13 வீதம் கட்டை. தசையைக் குதி எலும்போடு கட்டி வைத்திருக்கிற நாண் தடித்து இறுகி இருந்தது. கணுக்கால் மடங்குகிற அளவும் குறைவு. தட்டைச் செருப்பில் குதி நிலத்துக்கு இறங்கவேண்டும். கட்டையான தசையும் இறுகின நாணும் அதற்கு விடாது. அதுதான் இழுக்கிறது. "கழட்டினாத்தான் நோகும்" எண்டதன் விளக்கம் இவ்வளவுதான்.

அவுஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் செய்து 2012இல் வந்த இன்னொரு ஆய்வு, கிழமைக்கு 40 மணித்தியாலம், குறைந்தது இரண்டு வருசம் குதி போட்ட பெண்களின் நடையைப் பார்த்தது. அதாவது முழு நேர வேலைக்குப் போகிறவர்களின் அளவு. அவர்கள் வெறுங்காலோடு நடந்தபோதும் நடை மற்றவர்களைப் போல இல்லை. சப்பாத்தைக் கழற்றலாம், அது பழக்கின நடையைக் கழற்ற ஏலாது. முழங்காலுக்கும் பங்கு இருக்கு. 1998இல் லான்செற் சஞ்சிகையில் வந்த ஆய்வில், வெறுங்காலை விடக் குதியோடு நடக்கும்போது முழங்காலின் உட்பக்கத்தை அழுத்துகிற முறுக்கு விசை ஏறத்தாழ 23 வீதம் கூடியிருந்தது. 2001இல் அகலமான குதியையும் சோதித்தார்கள். அதிலும் கூடத்தான் செய்தது. அகலக் குதி பாதத்துக்குச் சுகம், முழங்காலுக்கு அந்தச் சலுகை இல்லை. இதனால் மூட்டுத் தேய்ந்தே தீரும் என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் பாரம் கூடுகிறது என்று அர்த்தம்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு யாராவது நாளைக்கே குதியைத் தூக்கி எறிய வெளிக்கிட்டால், பொறுங்கோ. நாலு வருசத்தில் கட்டையான தசை நாலு நாளில் நீளாது. குதியின் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கோ. படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கைபிடியைப் பிடித்துக்கொண்டு, குதியை மெல்லக் கீழே இறக்கி ஏற்றலாம். நோ கூடினால் வைத்தியரிடம் காட்டுங்கோ.

ஆர் சொல்லிப் போடுறது?

கலியாண வீட்டில் அஞ்சு மணித்தியாலம் ஆசைக்குப் போடுகிறதும், வேலைக்காகக் கிழமைக்கு 40 மணித்தியாலம் போடுகிறதும் ஒன்றில்லை. ஆசைக்குப் போடுகிறவள் கழற்றிக் கதிரைக்குக் கீழே வைக்கலாம். மற்றவளுக்கு அது ஏலாது.

2015 மார்கழியில் லண்டனில் வரவேற்பாளராக வேலைக்குப் போன ஒரு பெண்ணை, குதி வைத்த சப்பாத்துப் போடாததற்காகச் சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் தொடங்கின மனுவில் 150,000க்கு மேற்பட்டவர்கள் கையெழுத்து வைத்தார்கள். 2017இல் பிரித்தானியப் பாராளுமன்றம் விவாதித்தது. இருக்கிற சட்டமே போதும் என்று அரசாங்கம் முடித்துவிட்டது. அதே வருசம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், வேலைத்தலங்கள் குதியைக் கட்டாயப்படுத்துவதைத் தடுத்தது. பிலிப்பைன்ஸிலும் கடைகளில் நாள் முழுக்க நிற்கிற பெண்களுக்காகத் தொழிற்சங்கங்கள் கேட்டு, ஒரு அங்குலத்துக்கு மேல் குதியைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தொழில் திணைக்களம் உத்தரவு போட்டது. 2019இல் ஜப்பானியப் பெண்கள் குட்ஸு என்றால் சப்பாத்து, குட்ஸூ என்றால் வலி என்ற இரண்டு சொற்களையும் மீடூவோடு சேர்த்துக் குடூ இயக்கம் நடத்தினார்கள். தொழிலுக்குத் தேவையான அளவில் குதி சரிதான் என்ற மாதிரி அந்த நாட்டு அமைச்சரே பேசினார். ஆனாலும் அடுத்த வருசம் ஜப்பான் எயார்லைன்ஸ் தன் பெண் ஊழியர்களுக்கான குதி விதியை எடுத்துவிட்டது.

ஒரு காலத்தில் எனக்கு வேலை செய்கிற தேவை இல்லை என்று சொல்லப் பிரபு போட்ட சப்பாத்தை, இண்டைக்கு எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்கிறவளின் காலில் மாட்டியிருக்கிறார்கள். பொம்பிளையளுக்கு ஸ்டைல் பைத்தியம் எண்டு பகிடி பண்ணுகிற எங்களுக்கு, அந்த விதியை எழுதினவனைப் பற்றி ஒரு பகிடியும் வாறேல்லை. கலியாண வீட்டில் நாங்கள் சிரித்ததும் அப்படித்தான்.

இந்தக் கட்டுரையின் முதல் வரைவைச் சிநேகிதிக்கு அனுப்பினோம், மன்னிப்பும் கேட்டு. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் இரவு வேலை முடிந்து வந்து குரல் பதிவு ஒன்று போட்டிருந்தாள்.

"வாசிச்சனான். உண்மைதான். படியில காலை வைச்சுச் செய்யிற அந்தப் பயிற்சியையும் தொடங்கியிருக்கிறன். சரி, இதை எங்கட மனேஜருக்கு ஆர் வாசிச்சுக் காட்டுறது?"