காய்ச்சல் போனது, கிருமி போகவில்லை

ஈப்போவிலிருந்து தெற்கே போகும் லாரிகள் பெரும்பாலும் தாப்பாவைத் தாண்டித்தான் போகும். 1998 கடைசியில் ஈப்போ இருக்கும் கிந்தா வட்டாரத்துப் பன்றிகளும் தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் போயின. அந்தப் பன்றிகள் இருமின. நாய் குரைப்பது போல, கொட்டகைக்கு வெகுதூரத்திலும் கேட்கும் இருமல்.

செப்டம்பரிலேயே ஈப்போ பக்கம் பண்ணையாட்கள் காய்ச்சலில் நினைவு தப்பி விழத் தொடங்கியிருந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி, கொசுவுக்குப் புகையடித்தார்கள், ஊசி போட்டார்கள். அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடிப்பது. இங்கே படுத்தவர்களோ பன்றியோடு புழங்கிய வளர்ந்த ஆண்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். கணக்கு உதைப்பதை இன்னும் சீக்கிரம் கவனித்திருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். அது கிடைத்த நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவை வைத்து அதற்கு நிப்பா என்று பெயரானது. பழந்தின்னி வௌவாலிடம் குடியிருக்கும் கிருமி அது. பண்ணையை ஒட்டிய மரங்களில் வௌவால் கடித்துப்போட்ட பழம் கொட்டகைக்குள் விழுந்து பன்றிக்குத் தொற்றியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஒரு மில்லியனுக்கு மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டது. 105 பேர் இறந்தார்கள்.

பலரும் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். ஆனால் டாக்டர் டான் சோங் தின் குழுவினர் பிழைத்தவர்களை விடாமல் பார்த்துவந்தார்கள். குணமாகி வீடு திரும்பியவர்களில் சிலருக்கு மாதங்கள் கழித்து மூளைக்காய்ச்சல் திரும்பி வந்தது. தொற்று இருந்தும் முதலில் மூளை பாதிக்காமல் தப்பியவர்களில் சிலரும் பிறகு விழுந்தார்கள். 2002-இல் இதை வெளியிட்டார்கள். கிருமி மூளைக்குள்ளேயே ஒளிந்திருந்து எழுந்திருக்கிறது.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் எதனால் வருகிறது என்ற கேள்வியும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. நரம்பின் மேலுறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரிக்கும் நோய் அது. கண் மங்கும், கால் மரக்கும், தேறும், மறுபடி வரும். நம் பக்கம் அபூர்வம். அமெரிக்க ராணுவத்தில் 10 மில்லியனுக்கு மேற்பட்டோரின் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. எப்ஸ்டைன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு இந்த நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியிருந்தது. எச்சில் வழி பரவும் அந்த வைரஸ் ஏறக்குறைய எல்லோர் உடம்பிலும் வாழ்நாள் முழுக்கத் தங்குகிறது. நோய் வருவதோ மிகச் சிலருக்கு. ஆகவே வைரஸ் மட்டும் போதாது, வேறு ஏதோ கூடச் சேர வேண்டும். நிப்பாவில் கிருமியே திரும்பி வந்து தாக்குகிறது, இதில் கிருமியின் சாயலைக் கண்டு உடம்பு தன்னையே தாக்குகிறது என்று கருதுகிறார்கள். வழி வேறுதான். என்றோ வந்த தொற்றுக்கு நரம்பு பிறகு விலை கொடுப்பது இரண்டிலும் உண்டு.

எவ்வளவு காலம் கழித்து? நிப்பா பரவிய காலத்தில் தொற்றிய ஒருவருக்கு 11 ஆண்டுகளுக்குப் பிறகு மூளைக்காய்ச்சல் வந்ததை நம் நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.