ஸ்டென்ட் வைத்த பிறகும் குளிசை ஏன்?

"ஸ்டென்ட் வைத்தாச்சே, இன்னும் எதுக்குக் குளிசை?" என்று எங்கள் வாப்பாமார் கேட்கிறார்கள். விடை வரலாற்றில் இருக்கிறது.

1977இல் சூரிச் நகரில் வைத்தியர் குருன்ட்சிக், நெஞ்சைத் திறக்காமலே சிறு பலூனை ஊதி இதயக் குழாயின் அடைப்பை விரித்தார். ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சில மாதங்களில் அதே இடம் மீண்டும் சுருங்கியது. 1986இல் ஸ்டென்ட் என்ற கம்பிவலை வந்தது. அதற்குள்ளும் தழும்பு வளர்ந்து வழியைக் குறுக்கியது. பசிபிக் கடலின் ஈஸ்டர் தீவு மண்ணில் இருந்த நுண்ணுயிர் தந்த சிரோலிமஸ் மருந்தைப் பூசிய ஸ்டென்ட்டை 1999இல் பிரேசிலில் முதன்முதலாகப் பொருத்தினார்கள். தழும்பு வளர்வது வெகுவாகக் குறைந்தது.

ஆனால் கம்பியைப் புதுத்தோல் மூடுவதையும் அதே மருந்து தாமதிக்கிறது. மூடாத கம்பியில் இரத்தம் உறைந்தால் திடீர் மாரடைப்பு. அதைத் தடுக்கத்தான் அஸ்பிரினும் குளோபிடோகிரெலும். சுகமாக இருக்கிறதென்று நாமாக நிறுத்த வேண்டாம். வைத்தியரைக் கேட்டே முடிவெடுப்போம்.