ஒரு சுவரின் இரண்டு பக்கம்

லண்டன் கேட்ஃபோர்ட்டில் எக்ஸ்கலிபர் என்றொரு குடியிருப்பு உண்டு. ஆர்தர் அரசனுடைய வாளின் பெயர் அது. பெலினோர், பெர்சன்ட், மோர்ட்ரெட் என்று தெருக்களுக்கும் அந்தக் கதைகளில் வரும் ஆட்களின் பெயர்தான். இதையெல்லாம் கேட்டுவிட்டுப் போனால் கோட்டை கொத்தளம் ஏதும் கிடையாது. நான் போன காலத்தில் அங்கே நின்றவை தட்டைக் கூரை போட்ட 187 சின்ன வீடுகளும், அவற்றைப் போலவே பொருத்திக் கட்டிய ஒரு தேவாலயமும்.

நான் பிளம்பர். 2003ஆம் ஆண்டு பனிக்காலத்தில், சுடுதண்ணீர் வரவில்லை என்று ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள். வழக்கம்போல் சுவரில் தட்டிப் பார்த்தேன். செங்கல்லின் சத்தமே இல்லை, வெறும் பெட்டியைத் தட்டியதுபோல் இருந்தது. “துளை போட்டுவிடாதே, அது அஸ்பெஸ்டஸ்” என்றார் வீட்டுக்கார மூதாட்டி. 1946இல் கலியாணம் முடித்த கையோடு அந்த வீட்டுக்கு வந்தவர். “பத்து வருசத்துக்கு என்று சொல்லித்தான் தந்தார்கள். நானும் இன்னும் பத்து வருசம் போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்று சொல்லிச் சிரித்தார்.

தற்காலிக வீடு என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். 1995இல் போரால் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளம்பி, கிளிநொச்சிப் பக்கம் தறப்பாள் கொட்டிலில் இரண்டு வருடம் இருந்தோம். மழை வந்தால் தறப்பாளில் தேங்கும் தண்ணீரைத் தடியால் தள்ளிவிடுவது என் வேலை. குடிக்கிற தண்ணீருக்கு வாளியோடு வரிசை. அந்தக் கண்ணோடு அந்த மூதாட்டியின் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு படுக்கையறை, ஒரு இருப்பறை, குசினி, குளியலறை, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. முன்னாலும் பின்னாலும் ரோசாச் செடி. இதற்கும் தற்காலிகம் என்றா பெயர் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் இந்த வீடுகளின் கதையைத் தேடித் தேடி வாசித்தேன். 1944 மார்ச்சில் பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில் வானொலியில் பேசும்போது, தொழிற்சாலையில் செய்த தற்காலிக வீடுகள் ஐந்து லட்சம் தருவோம் என்றார். குண்டுவீச்சில் வீடிழந்தவர்கள் ஒரு பக்கம். போர் முடிந்து திரும்பிவந்து குடும்பம் தொடங்கப்போகும் சிப்பாய்கள் இன்னொரு பக்கம். மேசன்மாரும் தச்சர்களும் படையில். செங்கல்லுக்கும் மரத்துக்கும் தட்டுப்பாடு. மே மாதமே லண்டன் டேட் கலைக்கூடத்தின் முற்றத்தில் மாதிரி வீடொன்றை வைத்துச் சனத்துக்குக் காட்டினார்கள். முழுக்க உருக்கு. அமைச்சர் போர்ட்டல் பிரபுவின் பெயரால் அதைப் போர்ட்டல் வீடு என்றார்கள். உருக்குக்கும் தட்டுப்பாடு வந்ததால் மாதிரியோடு நின்றுபோயிற்று. அதே ஆண்டு சட்டம் போட்டு 150 மில்லியன் பவுண் ஒதுக்கினார்கள்.

பிறகு வந்தவை பல வகை. ஆர்க்கன், டார்ரன், யூனி-செக்கோ என்று கம்பனிக்கு ஒரு பெயர். எக்ஸ்கலிபரில் இருந்தவை மரச்சட்டத்தில் அஸ்பெஸ்டஸ் பலகை பொருத்திய யூனி-செக்கோ. தெருவையும் அத்திவாரத்தையும் போட்டதில் ஜெர்மன், இத்தாலியப் போர்க்கைதிகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் அதிகம் செய்யப்பட்டது அலுமினிய வீடுதான்: 54,500. போர் விமானம் செய்த தொழிற்சாலைகளுக்கு வேலை இல்லாமல் போகும் நேரம் அது. அலுமினியமும் கிடந்தது, கைத்தேர்ச்சியுள்ள ஆட்களும் இருந்தார்கள். வீட்டை நான்கு துண்டாகச் செய்து நான்கு லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். கூரை, தரை, யன்னல் கண்ணாடி, வயர், பைப் எல்லாம் துண்டுகளோடு சேர்ந்தே வந்தன. போட்டு வைத்த கொங்கிறீற் தளத்தில் இறக்கிப் பூட்டிவிட்டுத் தண்ணீருக்கும் கழிவுக்கும் இணைப்புக் கொடுத்தால் சரி.

பிளம்பர் கண்ணுக்குப் பட்ட விசயம் வேறு. அன்று மூதாட்டியின் வீட்டில் பலகையைக் கழற்றினேன். குசினிக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரே சுவர், பைப் எல்லாம் அதற்குள். இந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் தொட்டி, அடுப்பு, உடுப்பு அவிக்கும் கொப்பரை, குளிர்சாதனப்பெட்டி. அந்தப் பக்கம் குளிக்கும் தொட்டி, முகம் கழுவும் தொட்டி. இருப்பறைக் கணப்புக்குப் பின்னால் ஒரு சின்னக் கொதிகலன். கரி எரிந்தால் அறையும் சூடு, தண்ணீரும் சூடு. எங்கும் நீளமாக ஓடும் பைப் கிடையாது. எந்தக் கம்பனி வீட்டைச் செய்தாலும் இந்த அலகு மட்டும் அமைச்சு வகுத்த அளவில்தான். செலவைக் குறைக்க யாரும் இதில் கைவைக்க முடியாது.

1951 கணக்கெடுப்பில்கூட பிரித்தானியக் குடும்பங்களில் 37 வீதத்துக்கு வீட்டில் குளிக்கும் தொட்டி இல்லை. முற்றத்துக் கழிப்பறையும், சனிக்கிழமை அடுப்படியில் இறக்கி வைக்கும் தகரத் தொட்டியும்தான் தொழிலாளர் வீட்டு நடைமுறை. அந்த நாட்டில், தற்காலிகமாகத் தங்கவென்று கொடுத்த 635 சதுர அடி வீட்டைத் திறந்தால் சுடுதண்ணீரும் குளிர்சாதனப்பெட்டியும். பிற்காலத்தில் தொழிற்கட்சித் தலைவரான நீல் கின்னக் வேல்ஸில் இப்படியொரு வீட்டில்தான் வளர்ந்தார்.

கணக்குப் பார்த்தால் திட்டம் தோல்வி. ஐந்து லட்சம் என்றது 1,56,623 வீடுகளோடு நின்றது. 1945இல் அமெரிக்கா போர்க்காலக் கடன்-குத்தகை உதவியை நிறுத்தியதும் அங்கிருந்து வரவேண்டிய வீடுகள் எட்டாயிரத்துச் சொச்சமாகக் குறைந்தன. மலிவாக முடியும் என்று தொடங்கிய அலுமினிய வீடு, கடைசியில் செங்கல் வீட்டைவிட விலை கூடிப்போயிற்று. மொத்தச் செலவு 200 மில்லியன் பவுணைத் தாண்டியது. குறை சொல்ல வீட்டிலும் உண்டு. மெல்லிய சுவர், பனிக்காலத்தில் யன்னலில் வழியும் ஈரம், உள்ளே அஸ்பெஸ்டஸ். மூதாட்டியும் அறைக்குள் இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டுதான் இருந்தார். அரசாங்கத்தார் பத்து வருசம் என்று சொன்னது பொய்யல்ல, சுவரைப் பார்த்துச் சொன்னார்கள். அறுபது வருசம் தாங்கியது பைப் ஓடிய அந்த நடுச்சுவர்.

2009இல் எக்ஸ்கலிபரில் ஆறு வீடுகளைப் பாரம்பரியக் கட்டடமாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு குடியிருந்தவர்களிடம் வாக்கெடுத்தார்கள். இடிக்கலாம் என்ற பக்கம் வென்றது. பிறகு பகுதி பகுதியாக இடித்துப் புது வீடு கட்டத் தொடங்கினார்கள். இடிக்கவேண்டாம் என்று கதவில் எழுதி ஒட்டியவர்களும் இருந்தார்கள்.

2013இல் என் தம்பிக்கு இந்திய வீட்டுத்திட்டத்தில் கிளிநொச்சியில் வீடு கிடைத்தது. ஐந்தரை இலட்சம் ரூபாய், கட்டம் கட்டமாகக் காசு, கட்டுவது அவரவர் பொறுப்பு. நான் லண்டனிலிருந்து படம் கீறி அனுப்பினேன்: குசினியையும் குளியலறையையும் ஒரே சுவரில் வை, பைப் செலவு பாதிதான். இரவே போன் வந்தது.

“அண்ணை, குசினிக்குப் பக்கத்தில குளியலறையோ? நாளைக்கு கக்கூசையும் அங்கேயே வை எண்டு சொல்லுவியள் போல. அம்மா இருந்திருந்தா அடுப்பே மூட்டமாட்டா. குளிக்கக் கிணத்தடி இருக்கு.”

நான் விவாதிக்கவில்லை. கிணற்றிலிருந்து ஒரு மோட்டர், கூரைக்கு மேல் ஒரு தாங்கி, குசினிக்குள் ஒரு பைப். அதற்கு மட்டும் காசு அனுப்பினேன். வேலை முடிந்ததும் தம்பி மனைவி பைப்பைத் திறந்து, போனை அதற்குக் கிட்டப் பிடித்துச் சத்தத்தைக் கேட்க வைத்தாள்.