காணி, மிராசு, பங்காளி

பாபநாசம் வட்டாரத்தில் ஒரு குடும்பம் எவ்வளவு பழமையானது என்று விசாரித்தால், நிலத்தைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். “அவங்க அந்தக் காலத்து மிராசுங்க” என்பதில் ஊர், தெரு, வசதி, கோயில் மரியாதை எல்லாமே அடக்கம். கபிஸ்தலம் மூப்பனார், பூண்டி வாண்டையார் என்று வெளியூர்க்காரர்களும் அறிந்த குடும்பங்கள் முதல், அரை வேலி நிலத்தோடு நின்றுவிட்ட குடும்பங்கள் வரை, மிராசு என்ற ஒரே சொல்தான்.

மிராசு நம் சொல் இல்லை. அரபியில் ‘மீராஸ்’ என்றால் வழிவழியாக வரும் சொத்து. பாரசீகம், மராத்தி வழியாக இங்கு வந்து சேர்ந்தது. தஞ்சையை மராத்தியர் ஆண்டது 1676 முதல். அவர்கள் கச்சேரிக் கணக்கில் ஊன்றிய சொல்லைக் கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சொல்தான் புதிது, அது குறித்த உரிமை அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே இருந்தது. அதன் தமிழ்ப் பெயர் காணி. முழுப் பெயர் காணியாட்சி.

இன்று காணி என்றால் பலருக்கும் ஓர் அளவுதான் நினைவுக்கு வரும். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு காணி 1.32 ஏக்கர். பாரதி பராசக்தியிடம் கேட்டதும் ஒரு காணிதான். தஞ்சைக் கணக்கு வேறு. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, வேலி என்பது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. இங்கே காணி என்பது எண்பதில் ஒன்று, அதாவது வேலியில் கால் மா. கீழ்வாய் இலக்கத்தில் முந்திரிக்கு மேலே, மாவுக்குக் கீழே நிற்கும் பின்னம் அது.

சோழர் கல்வெட்டுகளில் காணி அளவாகவும் வரும், உரிமையாகவும் வரும். நம் விஷயத்துக்கு வேண்டியது இரண்டாவது பொருள். ஓர் இடத்தில் காணி உடையவர் அதை வைத்து ஆளலாம், பிள்ளைகளுக்கு விடலாம், விற்கலாம், கொடையாகத் தரலாம். மண்ணுக்கு மட்டும் உரியதாகவும் அது நிற்கவில்லை. கோயிலில் தச்சு வேலை செய்பவருக்குத் தச்சக்காணி, நட்டுவருக்கு நட்டுவக்காணி, கோயிலில் மேளம் கொட்டும் உவச்சருக்கு உவச்சக்காணி, வைத்தியருக்கு வைத்தியக்காணி. வேலையும் அதற்கான நிலமும் சேர்ந்தே குடும்பத்தில் இறங்கின. பிற்காலத்தில் கணக்குப்பிள்ளை வேலையையும் கோயில் நாகஸ்வரத்தையும்கூட ‘மிராசு’ என்று சொன்னதற்கு வேர் இங்கேதான். பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை அரசு 1980 நவம்பரில் ஒழித்தபோது முடிவுக்கு வந்தது அந்த நெடிய வழக்கின் ஒரு கிளை.

முதலில் வந்து குடியேறியவருக்குக் காணி எப்படிக் கிடைத்தது? மன்னர் அழைத்து வந்து கொடுத்தது ஒரு வழி. இதற்கு இவ்வட்டத்திலேயே மெலட்டூர் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர் 510 பிராமணக் குடும்பங்களை அங்கே குடியமர்த்தி, ஆளுக்கொரு வீடும் கிணறும் நிலமும் கொடுத்தார் என்பது அவ்வூர் வழக்கு. அவர் பெயரால் ஊருக்கு அச்சுதபுரம் என்றும் பெயர் வந்தது. அங்கே இன்றும் ஆடப்படும் பாகவத மேளம் அந்தக் குடியேற்றத்தின் வாரிசு. கிடைத்த நிலத்தை வைத்திருந்த முறையும் எல்லா ஊரிலும் ஒன்றல்ல, பிராமணர் அல்லாதார் ஊர்களில் அது வேறு விதமாக இருந்தது. திருச்சி அருகே அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா. பிராமணருக்குக் கொடையாக விட்ட பிரமதேயமான ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆட்கள் நிலம் வைத்திருந்தார்கள், பிராமணர் அல்லாதார் ஊரான அல்லூரிலோ நிலத்தை ஊரே பொதுவாக வைத்திருந்தது என்று அவர் காட்டினார்.

அந்தப் பொது உடைமை எப்படி நடந்தது என்பதற்குத் தஞ்சையில் அண்மைக்காலம்வரை சாட்சி இருந்தது. மிராசு கிராமங்களை மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். ஊர் முழுவதும் ஒருவருக்கே என்றால் ஏகபோகம். பலர் பங்காக வைத்துப் பொதுவில் நடத்தினால் சமுதாயம். நிரந்தரமாகப் பிரித்துக்கொண்டுவிட்டால் அறுதிக்கரை. சமுதாய ஊர்களில் கரையீடு என்றொரு ஏற்பாடு உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பங்குகளை மறுபடியும் மாற்றிப் போடுவார்கள். காரணம் தண்ணீர். குடமுருட்டியிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமடை வயலில் நாற்று நட்டு முடிந்த பிறகும் கடைமடையில் வெடித்த மண் கிடக்கும். மழை மிஞ்சினால் கதை தலைகீழ், வடிகாலுக்குப் பக்கத்திலிருக்கும் பள்ளம் முழுகும். ஒரே குடும்பம் காலமெல்லாம் கடைமடையில் கிடந்து அழியக் கூடாது என்று நினைத்த முன்னோர் கரையீடு கண்டார்கள். வண்டல் பூமியில் பிறந்த மிக நேர்மையான ஏற்பாடுகளில் ஒன்று அது என்று நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நேர்மை காணி உடையவர்களுக்குள் மட்டும்.

1799-இல் தஞ்சை கும்பினி வசம் போனது. யாரிடம் தீர்வை வாங்குவது என்று தெரியாமல் அதிகாரிகள் மிராசு என்றால் என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். அப்படி எழுதியவற்றில் சிறந்தது, சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் பதினேழு கேள்விகளுக்கு எழுதிய பதில். 1818-இல் அச்சானது. மிராசு என்று கச்சேரி சொல்வது தமிழ்க் காணியாட்சியைத்தான் என்று கல்வெட்டு, பட்டயம் எல்லாம் காட்டி நிறுவினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த கணக்கில் தஞ்சையில் சுமார் 62,000 மிராசுதாரர்கள். பாதிக்கு மேல், 42,000-க்கும் அதிகமானோர், பிராமணர் அல்லாதார். முஸ்லிம்களும் உண்டு. ராஜகிரி, பண்டாரவாடை பக்கம் போனவர்களுக்கு அதில் வியப்பு இருக்காது.

பழைய கிரயப் பத்திரம் ஒன்றைக் கையில் எடுத்தால் இந்த உரிமையின் முழு உருவமும் தெரியும். ‘நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம்’ என்று அடுக்கி, புதையல் முதல் கல் வரைக்கும் எழுதி, ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்’ என்று முடியும். விளைச்சலில் அரசுக்குச் சேரும் மேல்வாரம், குடிகளுக்குச் சேரும் குடிவாரம் என்று பிரிவு. பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இன்னும் நிற்கிறது. 3,000 கலம் கொள்ளும் என்பார்கள். அதில் வந்து விழுந்த நெல்லைக் களத்தில் அடித்துத் தூற்றியவருக்குப் பத்திரத்தில் இடம் கிடையாது.

இங்கேதான் காணி என்ற சொல்லின் குறை. குடியேறியவர் யார் என்ற கேள்விக்குக் காணி உடையவர் என்ற ஒரே பதிலைத்தான் அது வைத்திருக்கிறது. ஆனால் ராஜராஜன் பெரிய கோயிலுக்கு விட்ட ஊர்களின் கல்வெட்டைப் பாருங்கள். வரி இல்லாத இடங்களாக ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரி, ஈழச்சேரி, வண்ணாரச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று எழுதியிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சேரிகள் ஊரோடு இருந்தன. வாய்க்கால் வெட்டியதும் வரப்புக் கட்டியதும் அந்தச் சேரி மக்களின் கைதான். அப்படியும் பின்னாளில் அவர்கள் குடியிருந்த மனையும் மிராசுதாருக்கே பாத்தியமாக இருந்தது. மிராசு கோபித்தால் குடிசையும் போகும். பண்ணையாளுக்குப் பாதுகாப்பு 1952-இல் சட்டமானது. குடியிருப்பு மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் சொல்ல 1971 ஆனது. நடுவில் 1968-இல் கீழவெண்மணியில் 44 உயிர்கள் எரிந்தன.

நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பிறகு மிராசு என்ற சொல் மங்கிவிட்டது. அதன் துண்டுகள் நம் வாயில் தங்கியிருக்கின்றன. நிலத்தில் பங்குடையவன் பங்காளி, இன்று அது தந்தைவழி உறவு. ஏகபோகம் இன்று கடைத்தெருவின் சொல், சமுதாயம் மேடையின் சொல். கொங்கு நாட்டில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் காணி ஊர் உண்டு, காணியாச்சி அம்மன் உண்டு. நெல்லைச் சீமையில் இன்னொரு பாபநாசம் இருக்கிறது. அதற்கு மேலே பொதிகை மலையில் வாழும் பழங்குடியினர் தம்மைக் காணிக்காரர் என்கிறார்கள். ஏர் பிடித்து வேலிக் கணக்கில் ஆளாத மக்களும், மலையின் மேல் தங்களுக்குள்ள முதல் உரிமையை இதே சொல்லால் சொல்லியிருக்கிறார்கள்.

குடும்ப வரலாறு எழுத இப்போது பலரும் முனைகிறார்கள், நல்ல காரியம். பத்திரத்தைப் பாருங்கள், கோயில் சுவரைப் பாருங்கள், பட்டா எண்ணையும் பாருங்கள். அதோடு நிறுத்தாமல் அதே ஊரின் சேரித் தெருவுக்கும் போய், அங்கே வயதில் மூத்தவர்களிடம் உங்கள் வயலின் பெயரையும் அந்த வாய்க்காலின் பெயரையும் கேளுங்கள். அவர்கள் சொல்வதையும் அதே நோட்டில், அதே பக்கத்தில் எழுதுங்கள்.